சருகுக்கு ஒரு நேர்த்தி

சனிக்கிழமை காலை வேரோனிக்கா கதவைத் திறந்தபோது, வீட்டுக்கு முன்னால் ஐந்து பெண்கள் சருகு வாரும் றேக்கும் கையுமாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் யூஜினி, பழுப்புக் கடதாசிப் பைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. வீதியோரம் வானுக்குள் அவளுடைய கணவர் ஜூலியஸ். யூஜினி எங்கே போனாலும் அவர் வானுக்குள் பேசாமல் இருப்பார்.

"அக்கா, நீங்கள் உள்ள போய்ப் படுங்கோ. அரை மணித்தியாலத்தில முடிச்சுப்போடுவம்."

"எதை?"

"பஸ்ரியன் அண்ணை பூசை முடிய எங்களுக்குச் சொன்னவர். உங்களுக்கு நாரி பிடிச்சுக் குனிய ஏலாதாம். மாதா வாற வீடு உப்பிடிக் கிடக்கலாமே?"

ஒக்ரோபர் செபமாலை மாதம். மோர்னிங்சைட் பக்கம் குடியேறிய கத்தோலிக்கத் தமிழர் வீடுகளுக்கு மாலைக்கு ஒரு வீடாக மாதாவின் சிலையான சுருவம் போகும். வேரோனிக்கா வீட்டு முறைக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. வளவில் மேப்பிள் சருகு கணுக்கால் வரை கிடந்தது. காய்ந்த சூரியகாந்தித் தண்டுகள் வெட்டாமல் நின்றன. மூலையில் மரக்கொப்புகளை அவளே குவித்து வைத்திருந்தாள்.

பஸ்ரியனுக்கு அது வெட்கம். அதனால்தான் மனைவிக்கு, அவள் இடுப்பில் இல்லாத நாரி நோவைக் கொடுத்திருந்தார்.

போன மாதம் ஒரு குண்டுத் தேனீ அந்தச் சருகைக் கிளப்பிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியதை வேரோனிக்கா கண்டிருந்தாள். நூலகத்தில் தோட்டம் பற்றிப் பேச வந்த பெண்ணிடம் விசாரித்தாள். அது ராணி என்றாள் அந்தப் பெண். கூட்டமெல்லாம் குளிரோடு செத்துப்போகும். ராணி மட்டும் தனியே உறங்கி, வசந்தத்தில் எழும்பி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். சருகுதான் அதற்குப் போர்வை. தண்டுகளுக்குள் சின்னத் தேனீக்கள் கிடக்கும். மே மாதம் வரை துப்பரவாக்க வேண்டாம்.

வேரோனிக்கா ஹோட்டல் ஒன்றில் நாளுக்குப் பதினாறு அறை வீதம் இருபத்தாறு வருடம் துப்பரவாக்கியவள். துப்பரவாக்க வேண்டாம் என்று ஒருவர் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லைத் தனக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

யூஜினியின் றேக் சருகைத் தொட்டது.

"தொடாதையும். நேர்த்தி."

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தேனீ என்றால் சிரிப்பார்கள். எனக்கு விருப்பமில்லை என்றால் அதைவிடச் சிரிப்பார்கள். நேர்த்தியை மட்டும் ஒருவரும் எதிர்க்க மாட்டார்கள்.

"என்ன நேர்த்தி, அக்கா?"

"மே வணக்கமாதம் வரைக்கும் வளவில ஒரு சருகும் எடுக்கிறேல்லை எண்டு. மாதாவுக்கு."

யூஜினி றேக்கைத் தூக்கினாள். பற்களில் சிக்கியிருந்த மூன்று சருகுகளை எடுத்து, பழைய இடத்திலேயே பக்குவமாக வைத்தாள்.

"என்னத்துக்காக?"

"அது சொல்லக்கூடாது."

சொல்லாதபடியால் அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஞாயிறு பூசையில் மூன்று பேர் பஸ்ரியனின் தோளைத் தடவினார்கள். திங்கட்கிழமை ஒரு சட்டி கஞ்சி வந்தது. செவ்வாய்க்கிழமை ஆட்டெலும்பு சூப்.

"இஞ்சேரும், எனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார் பஸ்ரியன்.

"ஒண்டுமில்லை. சூப்பைக் குடியுங்கோ."

"பன்ரண்டு வருசமாக் கதையாத வின்சன்ற் வந்து மன்னிப்புக் கேட்டிட்டுப் போறான். எனக்கு எத்தினை மாதமாம் குடுத்திருக்கினம்?"

"நாரி எண்டு தொடங்கினது ஆர்?"

"நான் சொன்னது உள்ளூர்ப் பொய். நீர் மோட்சம் வரைக்கும் கொண்டுபோட்டீர்."

அது அவளுக்குச் சுட்டது. உடனே யூஜினியைப் போனில் பிடித்தாள்.

"இவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. இது பொதுவான நேர்த்தி. ஆரும் வைக்கலாம்."

மறுமுனையில் கறிச்சட்டியில் அகப்பை தட்டும் சத்தம் நின்றது.

"ஆரும் வைக்கலாமோ, அக்கா?"

"ஓம்."

"சருகாத்தான் இருக்கவேணும் எண்டில்லையே? வேறை எதையும் விடலாமோ?"

"அது அவரவர் மனசுபோல," என்று சொல்லிப் போனை வைத்தாள். பஸ்ரியனைக் காப்பாற்றியதில் அவளுக்கு நிம்மதி.

அடுத்த கிழமை நடக்கப் போனவள் யூஜினி வீட்டடியில் நின்றுவிட்டாள். சோறு போட்டுச் சாப்பிடலாம் என்பது போலக் கிடக்கும் புல், சருகுக்குள் புதைந்திருந்தது. அன்றைக்கு றேக்கோடு வந்த ஜெனாட் வீட்டிலும் அப்படியே. மெலிசா வீட்டிலும். ஐந்து வீடு எண்ணினாள். தமிழ்க் கடையில் ஜூலியஸ் இடியப்பப் பார்சலோடு நின்றார். மூன்று நாளாக அவரை அங்கேதான் காண்கிறாள். யூஜினி ஒருசந்தி இருந்து ஒருநேரம்தான் சாப்பிடுகிறாள் போலும் என்று நினைத்து, வாங்க வந்ததை வாங்காமலே திரும்பினாள்.

ஐந்து வளவு ராணிகளுக்குப் போர்வை கிடைத்திருக்கிறது. சந்தோசப்பட வேண்டியவள் சந்தோசப்படவில்லை. பாவம், எந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கோ, எந்த விசாவுக்கோ அவளை நம்பி நேர்த்தி வைத்திருக்கிறார்கள். சருகுக்காக ஒருநாளும் வெட்கப்படாதவள் பொய்க்காக வெட்கப்பட்டாள். உண்மையைச் சொன்னால் றேக்குகள் திரும்பி வரும். சொல்லாவிட்டால் மாதாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

வேரோனிக்கா வீட்டு முறை வந்த கடைசிச் சனிக்கிழமை மாலை ஜூலியஸ் சுருவத்தை ஏந்திக்கொண்டு, சருகு நொறுங்க நொறுங்க நடந்து வந்தார். செபமாலை முடிந்தது. பஸ்ரியன் ரோல்ஸ் தட்டோடு வந்தார். ஜூலியஸ் ஒரேயடியாக நான்கு எடுத்தார்.

வேரோனிக்கா சுருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒரு விசயம் சொல்லவேணும். நேர்த்தி எண்டது பொய்."

பஸ்ரியன் தட்டை மெல்ல மேசையில் வைத்தார்.

"மாதாட்டை நான் ஒண்டும் கேக்கேல்லை. அந்தச் சருகுக்குக் கீழ ஒரு ராணித் தேனீ நித்திரை கொள்ளுது. அதோட எனக்கும் கூட்டிக் கூட்டி அலுத்துப்போச்சு. இருபத்தாறு வருசம் ஊர்பேர் தெரியாதவையின்ரை தலைமயிரைப் பாத்ரூமில பொறுக்கினனான். இனி என்ரை வளவில ஆரையும் றேக் வைக்க விடமாட்டன். நேர்த்தி இல்லாட்டிலும் விடமாட்டன். அழகில்லை எண்டு நினைக்கிறவை மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நடக்கட்டும்."

மூச்சு வாங்கினாள். மிச்சம்தான் கஷ்டமாக இருந்தது.

"ஆனா நீங்கள் என்னை நம்பி நேர்த்தி வைச்சு ஏமாந்துபோனியள். அதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்கிறன்."

ஒருவரும் நிமிரவில்லை. ஜெனாட் முடிந்துபோன செபமாலையின் மணிகளை முதலிலிருந்து உருட்டத் தொடங்கினாள். மெலிசா மெழுகுதிரியை உற்றுப் பார்த்தாள். யூஜினி, சுருவத்துக்குக் கீழே நேராகவே கிடந்த லேஸ் துணியை நேராக்கினாள்.

ஜூலியஸ் கடித்த ரோல்ஸைக் கையில் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் வாய் திறந்தார்.

"அப்ப யூஜினி, மே மாதம் வரைக்கும் சமைக்கிறேல்லை எண்டு நீர் வைச்ச நேர்த்தி?"