பழசு பழசுதான்

"இதுல போன மாசம் வித்த குழாய் எத்தனைன்னு எங்கப்பா இருக்கு?" என்றார் கணக்கு மேடம், கம்ப்யூட்டரைத் தொடாமல் எட்டி நின்றபடி.

"இங்க கட்டளை எழுதிக் கேட்கணும் மேடம். செலக்ட்னு ஆரம்பிச்சு..."

"எழுத வந்தா நான் ஏன் கணக்குப் பார்க்கறேன்?"

கம்ப்யூட்டர்காரர் அந்தத் திரையை மூடினார். பழைய சாஃப்ட்வேருக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்டி அலுத்த குழாய்க் கம்பெனியை, காசே கேட்காத ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸுக்கு மாற்றியது அவர் யோசனைதான்.

"இலவசம், சரி," என்று முதலாளி சொல்லியிருந்தார். "ஆனா நம்ம ஆளுங்க கேட்டதை ஈஸியா எடுக்க ஒரு டூல் வேணும். மாசக் கடைசிக்குள்ள அவங்க வாயால நல்லாருக்குன்னு வரணும். இல்லேன்னா பழசு உள்ள வரும், நீங்க வெளிய போவீங்க."

கம்ப்யூட்டர்காரர் தன் மகளை அப்போதுதான் கல்லூரியில் சேர்த்திருந்தார்.

அடுத்து, எழுதவே வேண்டாத டூல் ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்தால் விடை வரும். கோடவுன் மேனேஜர் ஆசையாக எல்லாப் பெட்டியையும் எல்லாப் பெட்டியோடும் இணைத்தார். கம்பெனி பிறந்ததிலிருந்து விற்காத அளவு குழாய் அன்று காலையே விற்றுவிட்டதாக வந்தது.

"நல்ல டூல்தான் தம்பி. ஆனா இவ்வளவு சரக்கை ஏத்த லாரிக்கு எங்க போறது?"

மூன்றாவது டூலில் எல்லாமே பட்டன். மேடம் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பழசுல ஒரு நீல ஐகான் இருக்கும். அமுக்கினா வரும். அதைக் குடுப்பா, புண்ணியமாப் போகும்."

வேறு வழியில்லை. புது டேட்டாபேஸ் மேலேயே பழையது போல ஒரு திரை செய்து, அந்த நீல ஐகானையும் ஒட்டினார்.

"பழசையே போட்டுட்டேன் மேடம்," என்று கூசாமல் பொய் சொன்னார்.

மதியத்துக்குள் மாதக் கணக்கு முடிந்தது.

"பழசு பழசுதான்! என்ன வேகம்!" என்றார் மேடம்.

"இப்பதான் கணக்கு சரியா வருது," என்றார் கோடவுன் மேனேஜர்.

இந்தப் பாராட்டு முதலாளி காதுக்கும் போனது. "எல்லாரும் பழசைத்தானே கொண்டாடறாங்க?" என்று பழைய சாஃப்ட்வேர் கம்பெனிக்கே போன் போட்டு, லைசென்ஸைப் புதுப்பிக்க வரச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர்காரர் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார். சொன்னால் பொய்க்காக வேலை போகும், சொல்லாவிட்டால் பழசுக்காகப் போகும்.

மறுநாள் அந்தக் கம்பெனியின் விற்பனையாளர் ஒப்பந்தத்தோடு வந்தார். கூடவே, எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஓர் இஞ்சினியர். முதலாளி பேனாவைத் திறந்தார். இஞ்சினியர் மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, நீல ஐகானைத் தட்டி, உள்ளே கொஞ்சம் துழாவினார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, உள்ள இலவச டேட்டாபேஸ், மேல நம்ம ஐகானா? எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் சார் ஓட்டிக்கிட்டிருக்கோம்!"