சட்டை உரிக்கக்கூடாத சாரை

உங்களைத்தான் சொல்கிறேன். வேறு யாரையோ என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். "இன்னும் ஒரே ஒரு நாள் வேலைதான் பாக்கி, அதுவரைக்கும் அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைச் சாத்தினீர்களே, அந்த நீங்கள்தான். அந்த ஒரு நாள் என்றைக்கு என்று கேட்க ஆபீஸுக்கு வந்தால் டிஸ்கஷனில் இருக்கிறீர்கள். போன் அடித்தால் எடுப்பதில்லை. நேரில் மடக்கிக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும், எனக்கு அதைவிட அதிகமாக வரும். அதனால் கதையாகச் சொல்கிறேன். மிருகங்களின் கதைதான், பயப்படாமல் படியுங்கள்.

ஒரு காட்டில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

டைரக்டர் கரடி. ஹீரோ மயில். புரொடக்‌ஷன் மேனேஜர் கீரி. ஹீரோவின் உயிர் நண்பனாக நடித்தவன் கோதண்டம் என்கிற சாரைப்பாம்பு. மயிலுக்குப் பாம்பு எப்படி நண்பன், பாம்பைக் கீரி எப்படி 'அண்ணே' என்று கூப்பிடும் என்றெல்லாம் கேட்கக்கூடாது. இது சினிமா. கேமரா ஓடுகிற வரைக்கும் எல்லாரும் ஒரே பிளாஸ்கில் டீ குடிப்பார்கள்.

கோதண்டம் தொழிலுக்கு வந்து பல வருஷம் ஆகியும் ஒரு படத்தில்கூட வாயைத் திறந்ததில்லை. கயிறாக நடித்திருக்கிறான். ஆலமரத்து வேராக நடித்திருக்கிறான். சாமி படங்களில் சாமி கழுத்தில் நல்லபாம்புதான் தொங்கும். அதற்கு உடம்புக்கு முடியாத நாளில் முதுகைக் காட்டிக்கொண்டு இவன் தொங்குவான். இந்தப் படத்தில்தான் முதன்முதலாக வசனம் கிடைத்தது. வில்லன் பருந்து கொத்திப் போட்டுவிட்டுப் போகும். ஹீரோ ஓடி வருவார். அவர் காலடியில் கிடந்து, சாவதற்கு முன் இவன் சொல்ல வேண்டும்: "விளக்கை அணைச்சிடாதே. வந்துடுறேன்."

அவ்வளவுதான் வசனம். ஆனால் அவனுக்கு அது ராஜ்ஜியம் கிடைத்த மாதிரி.

பருந்து கொத்துகிற பாதியைக் காலையில் எடுத்தார்கள். சாகிற பாதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பதாக இருந்தது. சாப்பிட்டு எழுந்த மயில் உடம்பை ஒரு உதறு உதறியது. தோகை மொத்தமும் தரையில் கொட்டிவிட்டது. மழைக்காலம் முடிந்தால் மயிலுக்குத் தோகை உதிரும் என்பது காட்டில் எல்லாருக்கும் தெரியும். கரடிக்குத் தெரியாது. அது டைரக்டர்.

"பேக்கப்" என்றது கரடி.

மயிலுக்குக் குடை பிடித்து அழைத்துப் போனார்கள். தோகை திரும்ப வளர்கிற வரைக்கும் ஷூட்டிங் இல்லை என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை. கீரி மட்டும் கோதண்டத்தைத் தேடிக்கொண்டு வந்தது.

"அண்ணே, உங்களுக்கு ஒரே நாள் வேலைதான் பாக்கி. ஆனா காலையில கொத்து வாங்கின அதே உடம்போடதான் சாகணும். கழுத்துல இருக்கிற அந்தக் கீறல், முதுகுல இருக்கிற மங்கல், எல்லாம் அப்படியே வேணும். கண்டினியூட்டி. சட்டை கிட்டை உரிச்சுடாதீங்க."

"எனக்கு உரிக்கிற நேரம் நெருங்குது, மேனேஜர் சார்."

"அதெல்லாம் மனசைப் பொறுத்தது அண்ணே. அங்க மயில் சார் உங்களுக்காகத்தான் தோகை வளர்க்கிறார்னு நெனச்சுக்குங்க."

கோதண்டம் அப்படியே நினைத்துக்கொண்டான். நடிகன் இல்லையா, எதையும் நினைத்துக்கொள்வான்.

பாம்புக்கு உடம்பு வளரும், மேல்தோல் வளராது. உள்ளே புதுத்தோல் கட்டியதும் பழையதைக் கல்லிலும் முள்ளிலும் தேய்த்துச் சட்டை மாதிரி கழற்றிப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் இறுக்கும். கோதண்டம் கல் இருக்கிற பக்கமே போகாமல், மெத்தென்ற புல்லில் மட்டும் படுத்துப் புரளாமல் தூங்கினான். வாயோரம் தோல் விட்டுக்கொண்டபோது கருவேலம் பிசினைத் தடவி ஒட்டிக்கொண்டான். கண்மேல் இருந்த தோலும் பழசாகிப் போய், பார்வை பால் ஊற்றினது போல் மங்கியது. எதிரில் வருவது தவளையா, மேனேஜரா என்று தெரியவில்லை.

நடுவில் கூந்தல் தைல விளம்பரத்துக்கு ஒரு கம்பெனி கூப்பிட்டது. பளபளவென்று ஒரு பாம்பு வேண்டுமாம். சட்டையை உரித்தால் அன்றைக்கே வேலை. கோதண்டம் மாட்டேன் என்றுவிட்டான்.

அவன் மனைவி அமிர்தத்துக்குப் பொறுக்கவில்லை. "அவங்க உங்களைக் கூப்பிடவே இல்ல. இவங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. இவங்களைத் துரத்துறீங்க."

"அதுல வசனம் இல்ல அமிர்தம்."

வசனம். பொழுது விடிந்தால் அதுதான். முதலில் 'அணைச்சிடாதே'யை அழுத்திச் சொல்லிப் பார்த்தான். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. பிறகு 'வந்துடுறேன்' என்பதை இழுத்துப் பார்த்தான். பாட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் எதையும் அழுத்தாமல் சும்மா சொன்னான்.

"இப்பக் கடைக்குப் போறவர் சொல்ற மாதிரி இருக்கு" என்றாள் அமிர்தம்.

"அதான் வேணும். போறவனுக்குப் போறது தெரியக்கூடாது. கேக்கறவனுக்குத்தான் தெரியணும்."

நாளாக ஆக, தோல் நெஞ்சை நெரித்தது. முட்டை கொண்டுவந்து கொடுத்தால் தொண்டையில் இறங்கவில்லை. வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல், 'அணைச்சிடாதே'க்கும் 'வந்துடுறேன்'க்கும் நடுவில் தானாக ஒரு நிறுத்தம் விழுந்தது. கோதண்டத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கேட்டியா? அந்த இடைவெளியைக் கேட்டியா? இத்தனை நாளா அதைத்தான் தேடிட்டிருந்தேன்."

"அது நடிப்பு இல்லீங்க. மூச்சு முட்டுது உங்களுக்கு."

"முட்டட்டும். நல்லா வருதில்ல?"

அமிர்தம் கிளம்பினாள். நேராகக் கரடியின் ஆபீஸுக்குப் போனாள்.

அங்கே குகை வாசலில் வரிசை நின்றது. ஒரு புள்ளிமான், உதிர்ந்துபோன தன் கொம்பைக் கொடியால் தலையில் கட்டிக்கொண்டு நின்றது. அதற்கும் ஒரு நாள் வேலை பாக்கியாம். முதல் ஆளாக ஒரு நத்தை. எந்தப் படத்துக்காக நிற்கிறோம் என்பதே அதற்கு மறந்துவிட்டது. இடத்தை விட்டால் போய்விடும் என்று நின்றது. டோக்கன் கொடுக்கிற இடத்தில் ஒரு ஓணான் உட்கார்ந்து, யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அமிர்தம் டோக்கன் வாங்கவில்லை. வரிசையின் காலடியில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கீரி போன் பேசிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும், "வாங்க அண்ணி. டீ சொல்லட்டுமா?" என்றது.

"டீ வேண்டாம். தேதி சொல்லுங்க."

"ஒரே ஒரு நாள் வேலைதான் அண்ணி."

"ஒரு நாள்னு நீங்க சொல்றது எங்களுக்கு மனப்பாடம். எந்த நாள்?"

"மயில் சாருக்குத் தோகை முளைச்சிட்டிருக்கு. நீளம் வரணும், கண்ணு வரணும், மினுக்கு வரணும். நாம அவசரப்படுத்த முடியுமா?"

"அவருக்கு உதிர்ந்தா காடே காத்துக் கிடக்கு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் உதிரக்கூடாதா?"

"தாராளமா உதிரலாம் அண்ணி. ஆனா அவருக்காக நாங்க காத்திருக்க மாட்டோமே."

கீரி இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. விலைவாசி சொல்வது போலத்தான் சொன்னது.

"சரி, பேசி முடிப்போம்" என்றாள் அமிர்தம். "அவர் சாகிற பாதியை மட்டும் நாளைக்கு எடுத்துக்குங்க. மயிலோட காலை மட்டும் காட்டுங்க. காலுக்குத் தோகை வேண்டாமே."

கீரி சிரித்துவிட்டது. "காலா? மயில் சார்கிட்ட காலைப் பத்திப் பேசினா என் வேலை போயிடும் அண்ணி. அவர் போட்டோவுல இருக்கிற ஒரே குறை அதுதான்."

அமிர்தம் வீட்டுக்கு வந்தபோது கோதண்டம் புல்லில் நீட்டிக் கிடந்தான். வசனத்தின் முதல் பாதி வந்தது, இரண்டாவது பாதி வரவேயில்லை. அவள் யோசிக்கவில்லை. பிசின் ஒட்டியிருந்த அவன் வாயோரத்தைப் பல்லால் கவ்வினாள். பாறை இடுக்கு வரைக்கும் தரதரவென்று இழுத்துப் போய், அதற்குள் அவன் தலையைச் செருகி, அந்தப் பக்கம் போய் இழுத்தாள்.

"வேண்டாம் அமிர்தம். விட்டுடு. நாளைக்கே கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க."

அவள் விடவில்லை. பழைய தோல் தலையிலிருந்து வால்வரை, கீறலும் மங்கலும் குலையாமல், முழுசாகக் கழன்று இடுக்கில் நின்றது. கோதண்டம் மறுபக்கம் வந்து விழுந்தான். நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுத்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அமிர்தத்தின் முகத்தைத் தெளிவாகப் பார்த்தான்.

"கண்டினியூட்டி போச்சே" என்றான்.

அந்த வாரமே கீரி வந்துவிட்டது. தோகை தயாராம், மறுநாள் ஷூட்டிங்காம். புதுத்தோலில் பளபளவென்று நின்ற கோதண்டத்தைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து பாறை இடுக்கு தெரிந்தது. எழுந்து போய் அங்கே தொங்கிய சட்டையைத் தொட்டுப் பார்த்தது. கழுத்துக் கீறல் அப்படியே இருந்தது. உடனே கரடிக்குப் போன் போட்டது.

"சார், அண்ணன் மாறிட்டார். ஆனா லுக் பத்திரமா இருக்கு."

சட்டைக்குள் வைக்கோல் அடைத்து மயிலின் முன்னால் போட்டார்கள். வசனத்துக்கு மைனாவை வைத்து டப்பிங் பேசிக்கொள்ளலாம் என்று கரடி சொல்லிவிட்டது. கோதண்டம், "வசனம் எனக்குத் தெரியுமே" என்றான். "தெரியும்ணே. நீங்க ரெஸ்ட் எடுங்க, ரொம்ப அலைஞ்சுட்டீங்க" என்றது கீரி.

படம் வந்தது. கோதண்டம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்த் தன் சாவைப் பார்த்தான். மைனா 'அணைச்சிடாதே'யை அழுதுகொண்டே சொன்னது. 'வந்துடுறேன்' என்பதை விக்கி விக்கிச் சொன்னது. தியேட்டரே மூக்கைச் சிந்தியது. பக்கத்துச் சீட்டுப் பெருச்சாளி, "அசையாம எப்படிக் கெடக்கான் பாருங்க. கண்ணைக்கூடச் சிமிட்டலையே" என்று தேம்பியது.

"அது நான்தாங்க. தவிர, பாம்புக்கு இமை கிடையாது" என்றான் கோதண்டம்.

பெருச்சாளி அவனை மேலும் கீழும் பார்த்தது. "குடிச்சுட்டு வந்தா பேசாமப் படத்தைப் பாரும்யா."

எல்லாப் பத்திரிகையிலும் சட்டையின் நடிப்பைத்தான் எழுதினார்கள். கரடி பேட்டி கொடுத்தது: எத்தனையோ நடிகர்களோடு வேலை செய்திருக்கிறேன், ஒரு ரீடேக்கூட வாங்காத ஒரே கலைஞர் இவர்தான், எப்போது கூப்பிட்டாலும் போட்ட இடத்திலேயே கிடப்பார். சட்டைக்கு வரிசையாகப் படங்கள் வந்தன. கோதண்டம் கீரியைப் பார்க்கப் போனான்.

"அண்ணே, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. உங்களுக்கு வேலை இல்லாமலா? சட்டை சார் ரொம்ப நேரம் வெயில்ல கெடந்தா வெடிச்சுடும். லைட் சரி பண்ணுற வரைக்கும் அவர் இடத்துல நீங்க படுத்திருந்தாப் போதும். டேக் போகும்போது எந்திரிச்சுக்கலாம்."

"அதுல வசனம் இருக்கா?"

"சட்டை சாருக்கே இல்லையேண்ணே."

கோதண்டம் ஒத்துக்கொண்டான். அமிர்தத்திடம், பெரிய நடிகர் ஒருவருக்குப் பக்கத்திலேயே வேலை என்று சொல்லியிருந்தான்.

புதுப் படத்திலும் சாவுதான். சட்டைக்கு வேறு என்ன கொடுப்பார்கள். பாறைமேல் வெயில் கொளுத்தியது. எதிரில் மயிலுக்குப் பதிலாக ஒரு விளக்குமாற்றை நிறுத்திவைத்து லைட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லபடியாக மூச்சு வந்துகொண்டிருந்தது கோதண்டத்துக்கு. விளக்குமாற்றைப் பார்த்து, எதையும் அழுத்தாமல், கடைக்குப் போகிறவனைப் போலச் சொன்னான்:

"விளக்கை அணைச்சிடாதே." அந்த இடைவெளி இப்போதும் வந்தது. "வந்துடுறேன்."

குடைக்குள்ளிருந்து கரடி எட்டிப் பார்த்தது. "யாருப்பா அது, லைட்டிங் போயிட்டிருக்கும்போது பேசுறது?"

கீரி ஓடி வந்தது. "அண்ணே, வாயை அசைக்காதீங்க. நிழல் மாறுது."

நீதி: கலையை நம்பிக் காத்திருக்கிறவன் வயிற்றில் சோறு இருக்கக்கூடாது, வைக்கோல் இருக்க வேண்டும்.

மிருகங்களை விட்டுவிடுவோம். நீங்கள் 'அப்படியே இருங்க' என்று சொல்லிவிட்டு வந்த மனிதர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார், நெஞ்சு வரைக்கும் தாடியோடு. இன்னொரு கம்பெனியில் போலீஸ் வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள். தாடியை எடுக்கக்கூடாதே என்று விட்டுவிட்டார். பேத்தி அவர் கிட்டே வர மாட்டேன் என்று அழுகிறது. அவர் உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டார், அவருக்கு உங்கள்மேல் அவ்வளவு மரியாதை. எனக்குக் கிடையாது. போனை எடுங்கள். தேதியைச் சொல்லுங்கள், இல்லையென்றால் போய்ச் சவரம் பண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை இன்றைக்கே, உங்கள் வாயால் சொல்லுங்கள்.