அக்காவின் விசாவும் என் மூன்று மென்பொருள்களும்

ஒரு வீட்டில் 'கொம்பியூட்டர் தெரிஞ்சவன்' என்று பெயரெடுக்க, கணினி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மற்றவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் போதும். எங்கள் கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் அந்தப் பெயர் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். அதைக் காப்பாற்றப் போய், என் ஒரே அக்காவின் வாழ்க்கையைக் கிட்டத்தட்ட முடித்து வைத்தேன்.

சுகந்தி அக்காவைக் கட்டிய அத்தான் கனடாவில் இருப்பவர். பதினொரு நாள் லீவில் வந்தார், கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டினார், விமானம் ஏறிவிட்டார். அக்காவின் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இது உண்மையான கலியாணமா என்று அதிகாரிக்குச் சந்தேகமாம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆல்பத்தில் இருவரும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் போல நிற்கிறார்கள். 'கொஞ்சம் கிட்ட நில்லுங்கோ' என்று படம் எடுத்தவர் சொல்ல, அத்தான் எங்கள் மாமாவுக்குக் கிட்டப் போய் நின்றிருக்கிறார்.

இரண்டாவது நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. புதுக்கடை நீதிமன்றத்தடியில் இருக்கும் எங்கள் லோயர் அம்மா சொன்னார்: "படம் எல்லாரும் கொண்டு போவினம். வீடியோ இருந்தால் டிவிடியில கொண்டு வாங்கோ."

வீடியோவில் எங்களுக்கு ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. குடத்துக்குள் மோதிரம் தேடும் விளையாட்டில் அத்தான் மூன்று தரமும் தோற்கிறார். அக்கா, சபை என்றும் பாராமல், வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கிற எவரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கொட்டாஞ்சேனை வீடியோக்காரர் நல்ல மனிதர். "இப்பவே ரெண்டு டிவிடி அடிச்சுத் தாறன் தம்பி. பத்து நிமிச வேலை."

"வேண்டாம் அண்ணை. ஃபைலை மட்டும் ஹார்ட் டிஸ்கில ஏத்தித் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

(என் மரண அறிவித்தலில் இந்த வசனத்தைப் போடலாம்.) அவர் அடுத்த நாளே கடையைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக் கலியாணங்களுக்குப் போய்விட்டார்.

வெறும் டிவிடி அடிக்க எனக்கு மனம் வரவில்லை. தொடக்கத்தில் ரோசாப்பூ இதழ்கள் விழ வேண்டும், பெயர்கள் தமிழில் மின்ன வேண்டும். கணினியோடு வந்த மென்பொருளில் பூ இல்லை. இரண்டாவதை ஏற்றினேன். அதில் பூ விழுந்தது, ஆனால் தமிழ் கட்டம் கட்டமாக வந்தது. மூன்றாவதில் இரண்டும் இருந்தன. அதையும் ஏற்றிக் கணினியை மறுபடி தொடக்கினேன். டிவிடி அடிக்கும் டிரைவைத் திரையில் காணவில்லை!

பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் கணினியைக் கேட்டால், அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது என்கிறது. பெட்டியின் மூடியைக் கழற்றினேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். திருப்பிப் பூட்டியபோது இரண்டு திருகாணிகள் மிச்சம் நின்றன. பிழை டிரைவில்தான் என்று தீர்ப்பளித்து, பம்பலப்பிட்டியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் புதிது வாங்கி வந்து பூட்டினேன். அதையும் காணவில்லை.

திரும்பிக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "நானா, பழுதான சாமானை என்ரை தலையில கட்டிப்போட்டியள்!"

நானா அதைத் தன் கணினியில் பூட்டி ஒரு டிவிடியைப் போட்டார். கடை அதிரப் பாட்டுக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பி, எத்தின சொஃப்ட்வெயார் போட்டீக்கி?"

"மூண்டு."

"ஒங்கட வூட்டுல பாத்ரூம் எத்தின?"

"ஒண்டு."

"மூணு பேரு ஆளுக்கொரு பூட்டு அந்தக் கதவுல போட்டா எப்புடி? அதான் நடந்தீக்கி. மூணும் தன்ட தன்ட டிரைவர் புரோகிராம அந்த டிரைவுல பூட்டி வெச்சீக்கி. மூணையும் அழிங்க. ரெஜிஸ்ட்ரியில ரெண்டு வரி மிச்சம் நிக்கும், அதையும் அழிங்க. அந்த ரெண்டு மட்டுந்தான்."

பில்லின் பின்பக்கத்தில் எழுதியும் தந்தார். "தெரியும், தெரியும்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்றையும் அழித்தேன். ரெஜிஸ்ட்ரி என்பது கணினி தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் கொப்பி. அங்கே அந்த இரண்டு வரிகளும் நின்றன. பக்கத்தில் நின்ற வரிகளின் முகமும் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாள் கோபம் வேறு. அந்தப் பகுதியையே முழுசாக அழித்தேன்.

அதன் பிறகு கணினி எழும்பவேயில்லை. கலியாண வீடியோவும் அதற்குள்தான்; கொண்டுவந்த ஹார்ட் டிஸ்கில் இருந்ததை, இனித் தேவையில்லை என்று நானே அழித்திருந்தேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை பின்னேரம் நாலு மணி. நேர்முகம் வியாழன் காலை எட்டு மணிக்கு.

அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த நாளுக்கென்று எடுத்து வைத்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏழு மாசமாச்சடா தம்பி" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

லோயர் அம்மாவுக்குப் போன் எடுத்தோம். "சரி, விடுங்கோ. ரெண்டு பேரும் போனில எழுதிக் கதைச்சது இருக்கோ? அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கோ."

"ஐயோ, அதையோ!" என்று அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியில் எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில், போனில் மிஞ்சியிருந்த கடைசி வாரத்துச் செய்திகளை மட்டும் அச்செடுத்தோம். நாற்பது பக்கம். என்னைத் தொட விடவில்லை. புதுத் தம்பதி என்ன எழுதியிருப்பார்கள் என்று நானும் நாகரிகமாகக் கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் விசா அலுவலக வாசலில் காத்திருந்தேன். அக்கா கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தாள். கிட்ட வந்தபோதுதான் தெரிந்தது, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"அந்தக் காயிதத்தில காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லையடா. முழுக்க நீதான்!"

தாளைக் கையில் தந்தாள்.

அத்தான்: இண்டைக்கு என்ன கழட்டினவன்?

அக்கா: மூடியைக் கழட்டிப் பூட்டினவன். ரெண்டு திருகாணி மிச்சமாம்.

அத்தான்: தடுக்காதையும். பஸ்ஸில தனியச் சிரிக்கிறன், எல்லாரும் என்னைப் பாக்கினம்.

அக்கா: இப்ப புது டிரைவ் வாங்கப் போறான்.

அத்தான்: கடவுளே! அந்தக் கடைக்காரன் பாவம்.

நாற்பது பக்கமும் இப்படியே. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வரியாக வாசிக்க, அதிகாரி பேனையை வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார். முடிவில் ஒரே ஒரு கேள்வி: "அந்த டிரைவ் கடைசியில் வந்ததா?"

"இல்லை" என்றாள் அக்கா. விசா வந்துவிட்டது.

(கணினியைப் பிறகு அதே நானாதான் எழுப்பித் தந்தார். "ரெண்டு வரிண்டுதானே சொன்ன" என்று மட்டும் கேட்டார்.)

இப்போது அக்காவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அங்கே தண்ணீர்க்குழாய் ஒழுகினாலும் அத்தான், "கொழும்பு மாமாவைக் கூப்பிடட்டோ?" என்பார். தாயும் பிள்ளைகளும் ஒரே குரலில், "வேண்டாம்!" என்று கத்துவார்கள்.

போன வருடம் அவர்களைப் பார்க்கப் போக நானும் விசாவுக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் ஒரு புது அதிகாரி. அக்காவின் பெயரைக் கேட்டார், விசைப்பலகையைத் தட்டினார், திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார்:

"அங்கே போய் ஏதாவது வேலை செய்யும் எண்ணம் உண்டா?"

"இல்லை ஐயா" என்றேன். "என்னை அங்கே ஒன்றையும் தொட விட மாட்டார்கள்."