ஒல்லி லென்ஸும் குண்டு லென்ஸும்

"போதும் வைங்கண்ணே, தேஞ்சுடப் போகுது" என்றாள் கடைக்காரி ஃபாங்.

ருய்மு காதில் வாங்கவில்லை. மூன்றாவது முறையாக அந்த லென்ஸைக் கேமராவில் மாட்டி, கடை வாசலில் நின்று வானத்தை நோக்கித் தூக்கினார். ஐந்நூறு மில்லிமீட்டர். துறைமுகத்தின் அக்கரையில் பறக்கிற பருந்தையும் பக்கத்தில் கூட்டி வந்துவிடும். எடையோ ஒரு முட்டைக்கோஸ் அளவுதான். முக்காலி இல்லாமல், கையில் பிடித்தபடியே பறவையைத் துரத்த இதைவிட வேறென்ன வேண்டும்? செகண்ட் ஹேண்ட் என்பதால் பாதி விலை வேறு.

கீலுங் துறைமுகத்தில் முப்பது வருஷம் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர் ருய்மு. அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. பருந்து தண்ணீரைத் தொட்டு மீனைத் தூக்கும் அந்த நொடி படமாக வேண்டும். இதுவரை கிடைத்ததெல்லாம் வால்கள்.

அப்போதே வாங்கியிருப்பார். ஆனால் போன வருஷம் மூன்றாவது லென்ஸ் வீட்டுக்குள் நுழைந்த அன்று, இனிமேல் கேட்காமல் வாங்குவதில்லை என்று மனைவி பியுனிடம் சத்தியம் செய்திருந்தார். பியுன் ஹுவாலியனில் தங்கை வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமைதான் வருவாள். போனில் கேட்டால் "வேணாம்" என்று வைத்துவிடுவாள். இதெல்லாம் நேரில், பாத்திரம் கழுவி வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய விஷயம். இன்றைக்குத் திங்கள்.

குடையை உதறிக்கொண்டு லோ உள்ளே வந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். ருய்முவுக்கு இருபது வருஷச் சிநேகிதர். தினமும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் படம் எடுப்பார்கள். லோவுக்கு வலது தோள் சரியாக எழும்பாது, அதனால் எப்போதும் முக்காலிதான்.

லோவின் கண் நேராக அந்த லென்ஸுக்குப் போயிற்று.

"எப்படி இருக்கு தம்பி?"

அந்தக் குரலில் இருந்த ஆவலைக் கேட்டதும், லோவும் இதை வாங்கத்தான் பார்க்கிறார் என்று ருய்முவுக்குத் தோன்றிவிட்டது. இவ்வளவு லேசான லென்ஸ் கிடைத்தால் யார்தான் முக்காலியைத் தூக்கிப் போட மாட்டார்கள்?

"சுமார்தான் அண்ணே."

"சுமாரா? ஏன்?"

"ஃபோகஸ் பிடிக்க நேரமாகுது. பருந்து மீனைத் தின்னு ஏப்பம் விட்டப்புறம்தான் படம் தெளியும்."

ஃபாங் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லோ அவளைப் பார்த்தார். அவள் மறுபடி கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அப்போ உனக்கு எதுதான் புடிச்சிருக்கு?"

ருய்மு அலமாரியிலேயே பெரிதாக இருந்ததைக் காட்டினார். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் குண்டு ஜூம் லென்ஸ். "இது! இதுதான் அண்ணே லென்ஸு."

"இதைக் கையில புடிச்சு எடுக்க முடியுமா?"

"கப்பலையே இழுத்த கை இது!"

"அப்போ நாளைக்கு எடுத்துக் காட்டு."

வேறு வழியில்லாமல் குண்டு லென்ஸை நான்கு நாள் வாடகைக்கு எடுத்துப் போனார் ருய்மு.

செவ்வாய்க்கிழமை தூறலில் பருந்துகள் தாழ வந்தன. ருய்மு லென்ஸைத் தூக்குவதற்குள் பறவை மீனோடு மலைக்குப் போய்விட்டது.

"என்ன கிடைச்சுது?" லோ எட்டிப் பார்த்தார்.

"வால். எவ்வளவு தெளிவு பாருங்க!"

"பருந்து?"

"அது கொஞ்சம் முன்னாடி போயிடுச்சு."

புதன்கிழமை மீன் உருண்டை சூப் குடிக்கும்போது, ருய்முவின் சாப்பிடும் குச்சிகளிலிருந்து உருண்டை மூன்று முறை வழுக்கி விழுந்தது.

"கை நடுங்குதே தம்பி?"

"சந்தோஷத்துல அண்ணே. லென்ஸு அப்படி."

லோ தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஒல்லி லென்ஸை இன்னொரு தரம் யோசிச்சுப் பாரேன்."

வேவு பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார் ருய்மு. இன்னும் இரண்டு நாள் சமாளிக்க வேண்டும். அதற்கு இந்த ஃபோகஸ் கதை போதாது. வியாழனன்று, அதே சூப் கடையில், குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த ஒல்லி லென்ஸை டார்ச் அடிச்சுப் பார்த்தேன். உள்ளே பூஞ்சை. இந்த ஊர் ஈரத்துக்கு இன்னும் ஆறே மாசம், அவ்வளவுதான். எவனோ ஒரு அயோக்கியன் யார் தலையிலயாவது கட்டப் பாக்குறான்."

லோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சூப் ஆறிப்போயிற்று.

"அவனுக்கே தெரியாம இருக்கலாம் இல்லே?"

"தெரியாமலா! இப்படிப்பட்டவனுங்களை மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடலாம் அண்ணே."

லோ தலையை ஆட்டினார். குடையை எடுத்துக்கொண்டு, எழுந்து போனார். அந்த நடையைப் பார்க்க ருய்முவுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. லென்ஸ் கைக்கு வந்ததும் வாரம் ஒருநாள் அவருக்குக் கொடுக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பியுன் வந்தாள். கழுவி அடுக்கிய பாத்திரங்களைப் பார்த்தாள். வீடு முழுக்க அடித்த தைல வாசனையை முகர்ந்தாள்.

"ரொம்பக் கனமா எதையோ தூக்கியிருக்கீங்க. எதையாவது வாங்கித் தொலைங்க, லேசா பார்த்து."

கெஞ்சுவதற்காகத் தயார் செய்து வைத்திருந்த ஏழெட்டு வாக்கியங்களும் வீணாயின. குண்டு லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழையில் குடைகூட இல்லாமல் கடைக்கு ஓடினார் ருய்மு.

அலமாரியில் ஒல்லி லென்ஸ் இல்லை.

"யாரு வாங்கினது?"

"யாரும் வாங்கலை. குடுத்தவரே வந்து திருப்பி எடுத்துக்கிட்டாரு." ஃபாங் அவர் தோளைக் காட்டினாள். "அந்தக் குண்டு லென்ஸை நீங்க திருப்பித் தர வேணாம்ணே. அது உங்களுக்கேதான். அவரே கிரயம் பண்ணிட்டாரு."

"அவருன்னா எவரு?"

"லோ அண்ணன்தான். பொண்ணு ஜப்பான்லேருந்து அனுப்பின லென்ஸு அது, இவருக்குத் தோள் எழும்பலை; நீங்க வாங்கிக்கணும்னுதான் பேரைச் சொல்லாம பாதி விலைக்கு வெச்சிருந்தாரு. நேத்து வந்து, 'என் சிநேகிதன் தலையில பூஞ்சையைக் கட்டப் பார்த்தேனே'ன்னு ஒரே அழுகை."