தளபதி உர்வாக்கின் பெல்ட் சொல்லும் சாட்சி

தாராவி, தொண்ணூறடி ரோடு,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின்.

என் தங்கை ஷரீஃபுன்னிசாவின் மூத்த மகளும், ஐரோலி கம்ப்யூட்டர் மாளிகையின் ஒன்பதாம் மாடியை ஒற்றைக் கையால் தாங்கி நிற்பவளும், சொந்தத் தாய்மாமனை ஒரு பயல் வாட்ஸப் குழுவிலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளியபோது ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தவளுமான மருமகள் சஃபீனாவுக்கு, தள்ளப்பட்ட மாமன் சிராஜ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மாமி ஹாஃபிஸாவும் தோல் பட்டறையின் ஏழு தையல் மெஷின்களும் இறைவன் கிருபையால் சுகம். விக்ரோலியில் நீங்கள் அனைவரும் சுகமாக இருக்க வேண்டும். எதிரி சுகமாக இருந்தால்தான் சண்டையில் மரியாதை.

உனக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஆகவே இதை உன் உம்மாதான் சத்தம் போட்டு வாசிப்பாள். ஷரீஃபா, ஒரு வரி விடாதே. திட்டு வருகிற இடத்தில் குரலை இறக்காதே. நான் ஐந்தாம் வகுப்பில் பெஞ்சை உடைத்ததற்கு ஹெட்மாஸ்டர் எழுதிய கடிதத்தை வாப்பாவுக்குக் கூரை அதிர வாசித்தாயே, அதே குரல் எனக்கு வேண்டும்.

உனக்கும் புரிய வேண்டும் என்பதால் வழக்கைச் சொல்லிவிடுகிறேன், ஷரீஃபா. ‘காலத்தோணி’ என்று ஒரு தொடர். அதில் ஒரு கப்பல் காலத்துக்குள் முன்னும் பின்னும் பாய்கிறது, நம்ம சயான் சிக்னலில் ஆட்டோ பாய்கிற மாதிரி. போகிற இடமெல்லாம் ஜொராக்கர் என்ற வேற்றுக்கிரகத்தார் நிற்கிறார்கள். மூன்று கண், ஆறு விரல். ஒரு வாரம் அவர்கள் கிழவர்கள், மறுவாரம் அவர்களுடைய பாட்டனார் பிறக்கவே இல்லை. எது முந்தி, எது பிந்தி என்று கதை எழுதியவருக்கே தெரியாது, எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் உன் மகள் என் வீட்டில் பிரியாணி தின்றுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதைப் பார்த்தாள். இருவரும் சேர்ந்துதான் அந்த இனத்தின் வரலாற்றைத் துண்டு துண்டாக ஒட்டினோம். இப்போது ஆறு ஞாயிறாக அவள் வரவில்லை. இந்த ஞாயிறு கடைசி அத்தியாயம். வழக்கு இதுதான்.

சண்டை இரண்டே இரண்டு சம்பவத்தால் வந்தது. ஒன்றில் ஜொராக்கர் தளபதி உர்வாக் பாலத்தில் நின்று நகரத்தை எரிக்கிறான். இன்னொன்றில் அதே உர்வாக் மனிதர்களோடு ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து உப்பு விருந்து சாப்பிடுகிறான். விருந்துதான் முதலில் என்கிறாள் உன் மகள். அதாவது உப்பைத் தின்றுவிட்டு ஊரை எரித்த துரோகி அவன். எரிப்புதான் முதலில் என்கிறேன் நான். எரித்தான், மனம் நொந்தான், வந்து உட்கார்ந்தான். அவளுக்கு ஆதாரம் கப்பலின் காலண்டர் எண்ணும், இருநூற்றுச் சொச்சம் வரி உள்ள ஒரு எக்ஸெல்லும். எனக்கு ஆதாரம் உர்வாக்கின் இடுப்பில் இருக்கிற பெல்ட்.

முப்பத்தோரு வருஷம் தோலை அறுத்தவன் நான். ஒரு பெல்ட்டைக் கையில் கொடுத்தால், போட்டவன் ரயிலில் நின்று போனவனா உட்கார்ந்து போனவனா என்று சொல்லுவேன். கொஞ்சம் வெளிச்சமும் கொடுத்தால் அவன் மாமியார் குணத்தையும் சொல்லுவேன். பாலத்துச் சண்டையில் உர்வாக்கின் பெல்ட் பளபளவென்று இருக்கிறது, விளிம்புச் சாயம்கூட உதிரவில்லை. விருந்தில் அதே பெல்ட் வெடித்து, வெளுத்து, ஓட்டையெல்லாம் இழுபட்டுக் கோழிமுட்டை வடிவமாகிவிட்டது. கப்பல் பின்னால் போகும், காலண்டர் பின்னால் போகும், தோல் பின்னால் போகாது! இதைச் சொன்னதற்கு, கையில் கோழிக்காலை வைத்துக்கொண்டு நீ என்ன சொன்னாய், சஃபீனா?

“மாமா, அது காஸ்ட்யூம் மாமா. வெறும் காஸ்ட்யூம். எந்த சீனை மொதல்ல ஷூட் பண்ணாங்களோ, யாருக்குத் தெரியும்?”

“ஏட்டி, வெறும் பெல்ட்னு ஒண்ணு உலகத்துல உண்டா? ஒங்க எக்ஸெல்ல இடுப்புல கட்டிக்கிட்டு ஆபீஸ் போவியா நீ?”

“சோடோ மாமா, உங்ககிட்ட லாஜிக் பேச முடியாது.”

சோடோவாம்! என்னை விட்டுத் தள்ள வேண்டுமாம்! பாதிப் பிரியாணியில் எழுந்து கை கழுவினாய். அன்று சாயங்காலமே உங்கள் ‘ஜொராக் ஆய்வு வட்டம்’ குழுவில் பெல்ட்டின் படங்களை, அதிகமில்லை, அறுபத்து நான்குதான் போட்டேன். குழுத் தலைவன் அம்மார், உன் பக்கத்து சீட்டுக்காரன், மீசை முளைத்து நாலு வெள்ளிக்கிழமை ஆகாத அம்மார், “அங்கிள், ப்ளீஸ்” என்று ஒரே ஒரு வரி போட்டுவிட்டு என்னை நீக்கினான். அவுரங்கசீப் சக்கரவர்த்திகூடத் தன் வாப்பாவைக் கோட்டைக்குள்தான் வைத்தார், வெளியே தள்ளவில்லை.

நான் ஓய்ந்துவிடுவேன் என்று நினைத்தீர்கள். சோதனை செய்தேன். புத்தம்புது பெல்ட் ஒன்றை அறுத்து, நாற்பது நாள் கழற்றாமல் கட்டினேன். கூட்ட நேரத்து லோக்கல் ரயிலில் சயானுக்கும் டோம்பிவிலிக்கும் போய் வந்தேன். அந்த நெரிசலில் எருமை மாடே ஏறினாலும் பர்ஸாகத்தான் இறங்கும். மூன்றாம் வாரம் என் வயிறு இரண்டு ஓட்டை முன்னேறியது. “ஆராய்ச்சி பண்ணுதாவளாம், தின்னு தின்னு” என்றாள் உன் மாமி. அவளும் அம்மார் கட்சி. பட்டறைச் சுவரில் அளவுப் பட்டியலின் மேலேயே ஜொராக்கர் வம்ச வரலாற்றைப் படங்களோடு ஒட்டிவிட்டேன். அதைப் பார்த்து வெட்டிய பிள்ளைகள் பள்ளிக்கூடப் பைக்கு ஆறு விரல் அகலத்தில் கைப்பிடி வைத்துவிட்டார்கள். பைகுல்லா வியாபாரி வந்து பார்த்து, “சேட், இந்த மூணு கண்ணு யாரு, உங்க பார்ட்னரா?” என்றார். எதற்கும் நான் அசையவில்லை. நாற்பதாம் நாள் என் பெல்ட், விருந்தில் உர்வாக் கட்டியிருந்த பெல்ட்டின் கூடப்பிறந்த தம்பி மாதிரி ஆகிவிட்டது. நிரூபித்தாயிற்று!

ஆகவே என் தீர்ப்பைக் கேள். எரிப்பு முந்தி, விருந்து பிந்தி. ஐரோலி முழுக்கத் திரண்டு வந்தாலும், அந்தத் தொடரை எழுதியவரே என் வாசலில் வந்து மன்றாடினாலும் ஒரு வரி மாற்ற மாட்டேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். குழுவில் மறுபடி சேர்த்தால் யோசிப்பேன். யோசித்துவிட்டு, அறுபத்தைந்தாவது படத்தைப் போடுவேன். கடைசி அத்தியாயத்தை நான் தனியாகவே பார்ப்பேன். போன வாரம் தனியாகத்தான் பார்த்தேன். அந்த மூன்று கண்ணும் ஒருசேர அழுத இடத்தில் பக்கத்தில் திரும்பி, “பாத்தியாட்டி?” என்றேன். தலையணை இருந்தது. (ஷரீஃபா, இந்த வரியை மட்டும் மெதுவாக வாசி.)

உன் ஆயுளும் அறிவும் வளரட்டும். எக்ஸெல் மட்டும் வளர வேண்டாம். அம்மாருக்கு மீசை அடர்த்தியாக வளர துஆச் செய்கிறேன். தோற்றவர்களிடம் எனக்குப் பகை கிடையாது.

இப்படிக்கு,
எவருக்கும் பணியாத உன் மாமன்,
சிராஜ்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்ட என் கட்டிங் மாஸ்டர் பூலோகம் இன்றுதான் திரும்பி வந்தான். கடிதத்தைத் தபாலில் போடச் சொன்னால், சுவர்ப் படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டான்.

“மொதலாளி, இந்த ஆளு எதுக்கு நம்ம பெல்ட்டைக் கட்டியிருக்காரு?”

“ஏல, அது வேற கிரகம்ல.”

“எந்தக் கிரகமும் இருந்துட்டுப் போட்டும். மூணாவது ஓட்டை கோணலா இருக்குல்லா? அன்னைக்கு ஓட்டை போடுத என் பஞ்சு மழுங்கிக் கெடந்துச்சு. மூணு வருசம் முன்னாடி கோரேகான் ஸ்டுடியோக்காரரு ஒருத்தர் நாடகத்துக்குன்னு ரெண்டு கேட்டாரே, ஒண்ணு புதுசு, ஒண்ணு கிழடு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, டீ டிகாஷன்ல ஊறவச்சு, ஒங்க ஸ்கூட்டரை மேல நிறுத்தி வச்சேன். கிழடு காயணும்லா, அதான் அதைக் காலைலயே முடிச்சேன். புதுசு சாயந்தரம்தான்.”

ஆக, ஒரே தோல், ஒரே நாள். முதுமை காலையில், இளமை மாலையில். பெல்ட்டை நம்பினால் விருந்துதான் முந்தி. நான் தோற்றேன் என்று சொல்லவில்லை. பூலோகம் சொன்னதைச் சொன்னேன். ஷரீஃபா, சிரித்தது போதும், வாசி.

உர்வாக் தின்றுவிட்டே ஊரை எரித்துவிட்டுப் போகட்டும், சஃபீனா. நம் வீட்டில் எரிப்பு முடிந்தது, விருந்து பாக்கி. இந்த வரிசையிலாவது கை வைக்காதே. ஞாயிறு ஒரு மணிக்கு வந்துவிடு. அம்மாரையும் கூட்டி வா. அந்த மூன்றாவது ஓட்டையை நான் அவனுக்குக் காட்ட வேண்டும்.