கரட்டுச் சரிவில் கிடைத்த உத்தரவு

செய்தி எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மலையைப் பற்றி எழுத மலை ஏற வேண்டியதில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒரு நாளிதழுக்கு நான் விருதுநகரில் பகுதிநேர நிருபர். வெம்பக்கோட்டைக்கு அருகே எங்கள் ஊர்க் கரட்டை, அதாவது மொட்டைப் பாறைக் குன்றைப் பற்றி, அப்போது முக்கால் பத்தி எழுதினேன். சரிவு செங்குத்தானது, கருங்கல் பாறை வெயிலில் பொரிந்து உதிர்ந்த பருமணல்தான் அங்கே மண், காய்ந்த புல்லின் வேர் ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, ஆடு மாடு அதிகமாக மேய்ந்தால் மண் மொத்தமாக இறங்கிவிடும். இவ்வளவும் சூலக்கரையில் ஓர் அதிகாரி சொன்னது. டீயும் அவரே வாங்கிக் கொடுத்தார். கரட்டை நான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

அந்தச் செய்தியில் ஒரு வரிகூடப் பிழையில்லை. பின்னால் என் வயிற்றை வைத்துச் சரிபார்த்தேன்.

அந்தக் கோடையில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் என் அக்காவின் கணவரும் ஒருவர். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில், வாழை இலை மேல் படுத்துக் கிடந்தார். முகத்தில் கண்ணைத் தவிர எல்லாம் வெள்ளைத் துணி. டாக்டர்கள் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததை வைத்து நாங்களே புரிந்துகொண்டோம்.

அக்கா அழவில்லை. குலசாமி கருப்பசாமிக்குக் கடா நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்து வழக்கம் இது: கடாவின் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும். அதைத் துலுக்குவது என்போம். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். துலுக்காவிட்டால் அதற்கும் ஒரு பொருள் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கோயில் கரட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. கோயில் என்றால் ஒரு கல், இரண்டு அரிவாள். அத்தான் இல்லாததால் கயிறு பிடிக்கும் உரிமை மைத்துனனான எனக்கு வந்தது. ஆட்சியர் அலுவலகக் கூட்டம் ஒன்றிலிருந்து நேராகப் போயிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, வழவழப்பான அடித்தோல் வைத்த புது ஷூ. (கோயில் எல்லையில் கழற்ற வேண்டும் என்று பூசாரி சொன்னதை, எல்லை இன்னும் தள்ளி இருக்கிறது என்று வாதாடித் தவிர்த்தேன். சாக்ஸில் ஓட்டை.)

அத்தானின் தம்பி சங்கரலிங்கம் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தான்.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்கவா வந்தீக?"

கடா அக்கா வளர்த்தது. பால்குடி மறந்த நாளிலிருந்து அந்தக் கரட்டில்தான் மேய்ந்தது. வழக்கமாக நேர்ச்சைக் கடா சந்தையில் வாங்கியதாக இருக்கும். இடம் புதிது என்பதால் மிரண்டு நிற்கும். இதற்கோ கோயில் வாசல் சொந்த வீட்டு முற்றம். அதை நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல், கயிறு நழுவிவிடக்கூடாதே என்று மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.

பெரியப்பா முறையில் வரும் பூசாரி முதல் செம்பை ஊற்றினார். கடா அசைபோட்டது. இரண்டாவது செம்பு. காதை மட்டும் ஆட்டியது.

"காது கணக்கில்ல" என்றார் பூசாரி.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். அவள் கடாவைப் பார்க்கவில்லை. மதுரை இருக்கும் திசையைப் பார்த்தாள்.

அப்போது தூரத்தில் வெடிச்சத்தம் ஒன்று கேட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. சத்தம் கேட்டதும் அப்படியே நின்றுவிடுவோம். ஒன்றோடு நின்றால் ஏதோ கம்பெனியில் சரக்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள். தொடர்ந்து கேட்டால், இன்று யார் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கத் தொடங்க வேண்டும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கடாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது ஓடியது.

மணிக்கட்டுக் கயிறு வழியாக நானும் ஓடினேன். கரட்டில் ஆட்டுத்தடம் குறுக்காகத்தான் போகும். சரிவைச் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறும். பயந்த கடா அந்த ஒருமுறை நேர்மேலே ஏறியது. கொஞ்ச தூரம் நானும் கடாவும் ஓர் உருவமாகப் போனோம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிறகு கயிறு அவிழ்ந்தது. கடா போய்விட்டது. நான் ஒரு பாறைப் பலகையின் நடுவில் குப்புறக் கிடந்தேன்.

அந்த மண்ணை இப்போது நேரில் சொல்கிறேன். வழுக்கும் தரையில் ரவையைக் கொட்டியதுபோல, பாறை மேல் விரல்கனம் பருமணல். கால் வைத்தால் அது உருளும். பிடித்தால் கையோடு வரும். ஒரு புல் கொத்தைப் பற்றினேன். வேர், மண் எல்லாம் சேர்ந்து மெதுவாக, மரியாதையாக என் கைக்கு வந்துவிட்டது. அது பிடித்து வைத்திருந்த மண் என் சட்டைக்குள் இறங்கியது. நானும் ஒரு சாண் இறங்கினேன். என் காலுக்குக் கீழே பாறை முடிந்து, இரண்டாள் உயரத்துக்கு வெறும் காற்று. அதற்கும் கீழே கள்ளிப் புதர்.

கீழே இருந்து சங்கரலிங்கத்தின் குரல்.

"மாப்ள, அசையாதீக."

"அசையல. மண்ணுதான் அசையுது."

"பேசாதீக. பேசினா வயிறு ஆடுது, சறுக்குறீக."

"மூச்சு விடலாமா?"

சற்று யோசித்துவிட்டு, "கொஞ்சமா விடுங்க" என்றான்.

பிறகு அக்காவின் குரல் கேட்டது. வெடித்த நாளிலிருந்து தண்ணீர் வேண்டுமா, பஸ் வந்துவிட்டதா என்பதற்கு மேல் பேசாதவள்.

"ஏலே, ஒருத்தரு அங்கன கிடக்குறது பத்தாதா? நீயும் போய் விழணுமா?"

கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்த மூச்சையும் அடக்கிக்கொண்டேன்.

சங்கரலிங்கம் ஆட்டுத்தடத்தில் சுற்றி வந்து, பக்கத்தில் ஓர் உடைமுள் மரத்தில் காலை மாட்டிக்கொண்டு, வேட்டியை அவிழ்த்து என்னிடம் வீசினான். அண்டர்வேரில் நின்ற ஒருவனின் வேட்டியைப் பிடித்து, பகுதிநேர நிருபர் பாறையைக் குறுக்காகக் கடந்தார். ஒரு ஷூ கள்ளிக்குள் போய்விட்டது. சாக்ஸ் ஓட்டை ஊருக்கே தெரிந்தது. மேலே நின்று கடா இதையெல்லாம் பார்த்தது. அசைபோடுவதை நிறுத்தவில்லை.

கோயில் வாசலில் என்னை உட்கார வைத்தார்கள். நெஞ்சும் முழங்கையும் உரிந்திருந்தன. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"மயக்கம் போடுறான், தண்ணி, தண்ணி" என்றார் யாரோ. பூசாரி கையில் இருந்தது மூன்றாவது செம்பு. அதையே என் தலையில் கவிழ்த்தார்.

மஞ்சள் தண்ணீர் உரிந்த தோலில் இறங்கியதும் எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஓர் உதறல் எடுத்தது. தலை, தோள், இடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சிலிர்த்து முடித்தேன். சுற்றி நின்றவர்கள் மேல் தெறித்தது.

பூசாரி கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலிச் செம்பைப் பார்த்தார்.

"துலுக்கிருச்சு" என்றார்.

"அப்ப அருவாளை எடுங்க பெரியப்பா" என்றான் சங்கரலிங்கம்.

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அதைப் பார்த்துத்தான் அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று, எதையும் கவனித்துக் குறிக்கும் தொழிலில் இருந்த எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெகுநேரம் அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

பொழுது சாயும்போது கடா தானே இறங்கி வந்து தொழுவத்தில் நின்றது. மழைக்காலம் முடிந்து அத்தான் வீட்டுக்கு வந்தபிறகு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். முதல் செம்பிலேயே துலுக்கியது. (கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். எங்களுக்குள் கணக்கு இருந்தது.)

அத்தானுடன் அந்த அறையில் இருந்த மற்றவர்கள் வீடு திரும்பவில்லை. அத்தானின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. எங்கள் வட்டாரம் நாட்டுக்கே வெடி செய்கிறது. அக்கா வீட்டுத் தீபாவளிக்கு வெடி கிடையாது. எண்ணெய்க் குளியல் மட்டும் உண்டு. நான் மணையில் உட்கார்ந்ததும் மொத்தக் குடும்பமும் வந்து சுற்றி நிற்கும். என் பிள்ளைகள், அவர்கள் கூட்டி வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், எல்லோரும். அத்தான் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் செம்பை இடுக்கி, கவனமாக என் தலையில் சாய்ப்பார்.

"துலுக்குதான்னு பாரு" என்பார் அக்காவிடம்.

ஒரு வருடம் நான் வேண்டுமென்றே அசையாமல் இருந்து பார்த்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. அவசரமாக உதறினேன்.

அதன்பிறகு அந்த விளையாட்டை வைத்துக்கொள்வதில்லை. ஊற்றுவது நல்ல வெந்நீர். இருந்தாலும் முதல் செம்பிலேயே துலுக்கிவிடுகிறேன்.