தேவசகாயம் அங்கிளின் இடது கால்

நல்லது செய்யக் கிளம்பும்போதுதான் நான் மிகவும் ஆபத்தானவன். எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். கெடுதல் செய்ய நினைத்து நான் தொட்ட காரியம் எதுவும் உருப்படியாக முடிந்ததில்லை (அதற்கும் ஒரு திறமை வேண்டுமே). ஆனால் 'பாவம், ஒரு கை கொடுப்போம்' என்று சட்டைக் கையை மடித்துவிட்டேன் என்றால், பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது உத்தமம்.

காரணம் கவலை. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். படிவம் இரண்டில், அதாவது எட்டாம் வகுப்பில், பரீட்சையில் தோற்றுவிடுவேனோ என்று கவலைப்பட்டு, பரீட்சைக்கு முன்பே பள்ளியை விட்டு நின்றுவிட்டேன். தோற்கவில்லை, பாருங்கள்.

அந்தச் சம்பவம் நடந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. குளுவாங்கில் ஒரு கார் கழுவும் கடையில் வேலை. எங்கள் சபையைச் சேர்ந்த கிரேஸும் நானும் ஒருவரை ஒருவர் விரும்பினோம். அவள் சிங்கப்பூர் எல்லைப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அவள் அப்பா தேவசகாயம் அங்கிள் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட்டில் கிராணி என்றால் ஆபீஸ் நாற்காலி, தேய்த்த சட்டை, பையில் பேனா. மனைவி போன பிறகு தனியாகத்தான் இருந்தார். அப்படிப்பட்டவரிடம் கார் கழுவுகிறவன் போய்ப் பெண் கேட்டால் என்ன ஆகும்?

"ஈஸ்டர் முடியட்டும், சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் நான் தூங்கியதாக ஞாபகம் இல்லை.

இந்த நிலைமையில்தான் எங்கள் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சாமு, பெரிய வியாழன் ஆராதனையில இந்த வருஷம் நீ காலு கழுவிரு."

"நானா பாஸ்டர்?"

"எனக்கு முதுகு புடிச்சிருக்கு. குனிஞ்சா நிமிர முடியல."

"பெரியவங்க யாராச்சும்..."

"பெரியவங்க எல்லாம் உக்கார்றதுக்குப் பேர் குடுத்துட்டாங்க. கழுவுறதுக்குத்தான் ஆளு இல்ல. நீதான் தினம் கழுவுறவனாச்சே லா."

ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினார், நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்றார். அதை நினைத்து ஆண்டுக்கு ஒரு முறை பன்னிரண்டு ஆண்களை முன்னால் உட்காரவைத்துக் கால் கழுவுவது எங்கள் சபை வழக்கம். அந்த வழக்கத்துக்குள் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு பேரும் வலது காலை மட்டும்தான் நீட்டுவார்கள். அதையும் வீட்டிலேயே கழுவி, நகம் வெட்டி, குதிகாலைக் கல்லில் தேய்த்து, பவுடர் போட்டுக்கொண்டு வருவார்கள். அழுக்குக் காலை நீட்டினால் ஆண்டவருக்கு மரியாதை இல்லையாம். இடது கால் காலுறைக்குள், சப்பாத்துக்குள் பத்திரமாக இருக்கும். ஆக, கழுவுகிறவனுக்கு அங்கே கழுவ ஒன்றும் இருக்காது. தண்ணீரை ஊற்றி, துடைத்து, எழுந்தால் போதும். ஒரு குழந்தைகூடச் செய்துவிடும்.

ஆனால் செய்யப் போவது நானாயிற்றே.

பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். முதல் நாற்காலி: தேவசகாயம் அங்கிள். கிரேஸுக்குப் போன் போட்டேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "அப்பா காலையே நீ கழுவப் போற. இதுக்கு மேல இன்டர்வியூ எல்லாம் கிடையாது. ஒழுங்கா செய். நான் பஸ்ஸுல வரும்போது லைவ்ல பாப்பேன்."

(ஜொகூர் பாலத்தில் மாட்டிக்கொள்ளும் சபையாருக்காக ஆராதனையைக் கைப்பேசியில் நேரலையாக விடுவது எங்கள் வழக்கம். பாதிப் பேர் பஸ்ஸில் இருந்துதான் ஆமென் சொல்வார்கள்.)

அன்றிலிருந்து கவலைகள் வரிசை கட்டின. தண்ணீர் சில்லென்று இருந்து அங்கிள் துள்ளிவிட்டால்? முட்டி போடும்போது என் மூட்டு 'டக்' என்று சத்தம் போட்டால்? யாருக்காவது பாதத்தில் கூச்சம் இருந்து ஆராதனையில் சிரித்துவிட்டால்? எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை புதன்கிழமை வந்தது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே பேசின், ஒரே துண்டு. ஒருவருக்குச் சேற்றுப்புண் இருந்தால் பன்னிரண்டு பேருக்கும் ஒட்டிக்கொள்ளாதா? முதல் மரியாதை சேற்றுப்புண்ணாகப் போனால் எந்த மாமனார் பெண் கொடுப்பார்?

யோசித்தேன். சேற்றுப்புண்ணுக்கு எங்கள் வீட்டில் மஞ்சள்தான் மருந்து. வியாழன் சாயங்காலம், யாரும் பார்க்காதபோது, கோயில் சமையலறையில் இருந்த மஞ்சள்தூளை இரண்டு கரண்டி ஜக்கில் போட்டேன். போதுமா என்று கவலை வந்தது. ஒரு பிடி போட்டேன். இன்னொரு கவலை வந்தது: பேசின் சுத்தமாக இருக்கிறதா? துணி துவைக்கும் சவுக்காரத்தூளைப் பேசினில் கொட்டித் தேய்த்தேன். அலசலாம் என்று நினைத்தபோதே, இருக்கட்டும், காலுக்கும் நல்லதுதானே என்று அடியில் ஒரு படலம் விட்டுவைத்தேன்.

ஆரத்தி எடுக்க ஆலம் கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் தண்ணீர் ரத்தச் சிவப்பாகும். சவுக்காரத்தூளும் அதே வேலையைச் செய்யும் என்று எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்களோ, அந்த வகுப்புக்கு முன்னாலேயே நான் பள்ளியை விட்டு ஓடியிருந்தேன்.

ஆராதனை தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் நான் சொல்லப்போகும் ஒரு வரி ஜெபம் பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று பாஸ்டர் ஒரு குட்டி மைக்கை என் சட்டைக் கழுத்தில் மாட்டிவிட்டார். பன்னிரண்டு பேர் நடந்து வந்து உட்கார்ந்தார்கள். அங்கிள் கடைசியாக, மெதுவாக, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்து, அவருக்காகக் காலியாக இருந்த முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். கிராணி நடை என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முட்டி போட்டேன். மூட்டு 'டக்' என்றது. அது ஒலிபெருக்கியிலும் கேட்டது.

அங்கிள் வலது காலைப் பேசினுக்கு மேல் நீட்டினார். பவுடர் வாசம். ஜக்கைச் சரித்தேன். மஞ்சள் தண்ணீர் அவர் பாதத்தில் வழிந்து பேசினில் விழுந்தது.

பேசின் சிவந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆட்டை அறுத்த மாதிரி, திட்டுத்திட்டாகச் சிவந்தது. வலது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சளாக இருந்ததே தவிர ஒரு கீறல்கூட இல்லை. வலது காலில் இல்லை என்றால் ரத்தம் எங்கிருந்து வருகிறது? (இடது கால் சப்பாத்துக்குள் இருக்கிறது, பேசினில் இல்லவே இல்லை என்பதை யோசிக்கிற மூளை அந்த நேரத்தில் விடுமுறையில் போயிருந்தது.) இடது கால்தான்! பாய்ந்து அந்தச் சப்பாத்தைப் பிடித்தேன்.

"டேய், அது இல்ல" என்றார் அங்கிள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு நிமிஷம் அங்கிள்!"

"அந்தக் காலு இல்லடா! விடுறா!"

அவர் இழுக்க, நான் இழுக்க, சப்பாத்து ஒரு பக்கமும் காலுறை ஒரு பக்கமும் பறந்தன. சுண்டுவிரலில் சுற்றியிருந்த துணியும் காலுறையோடு போய்விட்டது. உள்ளே விரல் விரலாக இல்லை. கறுத்து, வீங்கி, ஓரத்தில் நீர் வைத்திருந்தது.

"ஐயோ! ரத்தம்! அங்கிள் காலு! ரத்தம்!"

நான் கத்தியது கோயிலுக்குள் நான்கு மூலையிலும் இடி மாதிரி கேட்டது. பாடகர் குழு அதைத் தங்களுக்கான சைகை என்று நினைத்துப் பாட்டை எடுத்துவிட்டது. பாஸ்டர் முதுகை மறந்து ஓடி வந்து குனிந்து பார்த்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். "யாராச்சும் என்னைய நிமித்துங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த ரோஸி அக்கா எழுந்து வந்து, பேசினில் ஒரு விரலை விட்டு மோந்து பார்த்தார்.

"ரத்தமாவது மண்ணாவது! ஆலம் கரைச்சு வச்சிருக்கான்டி இந்தப் பய!"

சிரிப்பு கிளம்பியது. பின்வரிசையில் தொடங்கி அலை மாதிரி முன்னால் வந்தது. முன்வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டது. முன்னால் இருந்தவர்களுக்கு அந்த விரல் தெரிந்தது.

அப்போது அங்கிள் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. எடுத்தார். நான் இன்னும் அவர் முட்டிக்குப் பக்கத்தில்தான், அந்தக் காலைப் பிடித்தபடி. என் கழுத்து மைக் அவர் வாய்க்கு நேர் கீழே இருந்தது. இருவருக்கும் அது ஞாபகம் இல்லை.

"ஒன்னுமில்லம்மா கிரேஸ். சப்பாத்து கடிச்சிருச்சு" என்றார் ரகசியமாக. ஒலிபெருக்கியும் ரகசியமாக அதையே சொன்னது.

பிறகு, "ஒரு மாசமா" என்றார்.

பிறகு வெகுநேரம் அவள் பேசுவதைக் கேட்டார். கிராணியின் தோள் இறங்கியது. "ஆஸ்பத்திரில காட்டினா வெட்டிருவாங்கம்மா. எங்க அண்ணன் வெரலுக்குன்னுதானே போனாரு? முட்டிக்குக் கீழ இல்லாமத்தானே வந்தாரு? எனக்குப் பயமா இருக்கும்மா."

அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சொன்னது கோயில் முழுக்கக் கேட்டது. பாலத்தில் நின்ற பஸ்களிலும் கேட்டிருக்கும். யாரும் ஒலிபெருக்கியை அணைக்கவில்லை. நானாவது அந்த மைக்கைக் கழற்றியிருக்கலாம். கை அவர் காலை விட்டு வர மறுத்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரை ஓட்டினேன். பதினோரு பேர் பவுடர் கலையாமல் வீடு திரும்பினார்கள். பாஸ்டரை இருவர் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். வழியெல்லாம் அங்கிள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்: மன்னிச்சிடுங்க அங்கிள், சேற்றுப்புண் அங்கிள், நல்லதுக்குத்தான் அங்கிள். அவசரப் பிரிவில் ஒரு மலாய் டாக்டர் இரண்டு காலையும் பார்த்தார். புண் இருந்த காலைப் பார்த்துக்கூட அவர் திடுக்கிடவில்லை. வலது காலைப் பார்த்துத்தான் திடுக்கிட்டார்.

"இனி கெனாப்பா கூனிங்?" இது ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார்.

அங்கிள் என்னைக் காட்டினார். "தான்யா டியா." அவனைக் கேளுங்கள். காரில் ஏறியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சர்க்கரை ஏறிக் கிடந்தது. மறுநாள் சுண்டுவிரலை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் விரலோடு நின்றிருக்காது என்று டாக்டர் கிரேஸிடம் சொன்னார். அவள் அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு பிடி மஞ்சளா? ஒரு பிடியா?" என்றாள். பிறகு மறுபடியும் அழுதாள். எந்த அழுகை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

ஈஸ்டர் ஞாயிறு வார்டிலேயே விடிந்தது. சொல்கிறேன் என்று அவர் சொன்ன நாள் வந்துவிட்டது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றால் இன்னும் கோபம் வருமே என்று தலைமாட்டில் போய் நின்றேன். தலைமாட்டில் நின்றால் சாவு வீடு மாதிரி தோன்றுமே என்று மறுபடியும் கால்மாட்டுக்கு வந்தேன்.

"ஒரு எடத்துல நில்லுடா, தலை சுத்துது" என்றார் அங்கிள். பிறகு கிரேஸைப் பார்த்தார்.

"இவன வீட்டோட வச்சிக்கிறதுதான் நல்லதும்மா."

"என்னாப்பா சொல்றீங்க?"

"என் ரகசியத்த ஊரு பூரா மைக் போட்டுச் சொல்லிட்டான். வெளிய விட்டா இன்னும் என்னென்ன சொல்லித் தொலைப்பானோ. கட்டிக்க."

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. அங்கிள் மாமாவானார். சிம்பாங் ரெங்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு பெர்மாஸ் ஜெயாவுக்கே வந்துவிட்டார்; நானும் அங்கேயே ஒரு கார் கழுவும் கடையில் சேர்ந்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யாருக்குப் பல் வலித்தாலும், வயிறு உப்பினாலும் முதலில் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "சாமுகிட்டச் சொல்லாதீங்க, மைக் வச்சிருப்பான்." என் சொந்த மகளுக்கு ஏழு வயது. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் என் சட்டைக் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் காட்டுகிறாள்.

மாமாவுக்குக் குனிந்து பாதத்தைப் பார்க்க முடியாது. தினமும் யாராவது பார்த்தே ஆக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. வேலை முடிந்து வந்ததும் நான்தான் கழுவித் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறேன். இடது, வலது, இரண்டும். பவுடர் கிடையாது. நாளெல்லாம் ரப்பர் செருப்பில் நடந்த கால், அதற்கு உண்டான வாசத்தோடுதான் இருக்கும். முதல் ஒரு வருடம், காலை நீட்டிவிட்டு, அது யாருடைய காலோ என்கிற மாதிரி டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் கடையில் கூட்டம். நான் வர நேரமாகிவிட்டது. வாசலில் நுழையும்போதே மாமா ஸ்டூலில் இரண்டு காலையும் தூக்கி வைத்துத் தயாராக இருந்தார்.

"வா, வந்து பார்த்துத் தொலை. வாய மட்டும் தொறக்காதே."

சரி, இன்றைக்காவது மரியாதையாக நடந்துகொள்வோம் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். கழுவினேன். துடைத்தேன். ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிவியில் செய்தி ஓடியது. மாமா செய்தியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார். மறுபடியும் என்னை.

"என்னடா?"

நான் பேசவில்லை.

"ஏன்டா பேசமாட்டேங்கிற? என்னாச்சும் இருக்கா? அடியில கறுப்பா இருக்கா? ஐயோ, அலமாக்... கிரேஸ்! ஏ கிரேஸ்! இவன் வாயத் தொறக்க மாட்டேங்கிறான், சீக்கிரம் வந்து என்னான்னு கேளும்மா!"